சிங்கப்பூர்க் குடியுரிமைப் பயணம்: விண்ணப்பம் முதல் அடையாள அட்டை வரை ஒரு வழிகாட்டி

சிங்கப்பூர்க் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க எண்ணும் நிரந்தரவாசிகள் என்னிடம் முதலில் கேட்பது, தேர்வு எப்படி இருக்கும் என்பதைத்தான். மதிப்பெண் போட்டுத் தேர்ச்சியும் தோல்வியும் அறிவிக்கும் எழுத்துத் தேர்வு இங்கே இல்லை. கொள்கையளவில் ஒப்புதல் பெற்ற, 16 முதல் 60 வயது வரையிலான விண்ணப்பதாரர்கள் கட்டாயமாக முடிக்கவேண்டிய ‘சிங்கப்பூர்க் குடியுரிமைப் பயணம்’ உண்டு. அதற்கு மூன்று பகுதிகள்: நாட்டின் ஆட்சிமுறை, கொள்கைகள், விழுமியங்கள் ஆகியவற்றை இணையத்தில் கற்கும் மின்பயணம், தேசிய நிலையங்களையும் வரலாற்றுத் தலங்களையும் நேரில் காணும் சுற்றுலா, வட்டாரச் சமூக அமைப்புகளில் தொண்டாற்றும் அடித்தளத் தலைவர்களோடும் மற்றப் புதுக் குடிமக்களோடும் உரையாடும் சமூகப் பகிர்வு அமர்வு. ஒப்புதல் கிடைத்ததிலிருந்து இரண்டு மாதத்துக்குள் இவற்றை முடிக்கவேண்டும்.

மதிப்பெண் இல்லை என்பதாலேயே பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. திரையில் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய் மின்பயணத்தை முடித்துவிடுகிறார்கள். பிறகு பகிர்வு அமர்வில் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் யார் என்று பேச்சு வந்தால் வாய் திறக்க முடியாமல் அமர்ந்திருக்கிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். குடிமகனான பின் வாக்களிப்பது சட்டப்படி கட்டாயம் என்றிருக்கும் நாட்டில், எதற்கு வாக்களிக்கிறோம் என்று தெரியாமல் சாவடிக்குள் நுழைவது நமக்கும் நல்லதன்று, நாட்டுக்கும் நல்லதன்று. ஆகவே என் பரிந்துரை இதுதான்: ஒப்புதல் கடிதம் வரட்டும் என்று காத்திராமல், விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் காலத்திலேயே படிக்கத் தொடங்குங்கள். அந்தக் காலம் பொதுவாக ஓராண்டு, சில வேளைகளில் அதற்கும் மேல். கடிதத்துக்குப் பின்வரும் இரண்டு மாதம் நாள் குறிப்பதிலும் விடுப்பு எடுப்பதிலும் ஆவணங்களிலுமே கரைந்துவிடும்.

1. விண்ணப்பிக்குமுன் குடும்பத்தோடு பேசி முடிக்கவேண்டியவை

நிரந்தரவாசியாகக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஆகி, 21 வயது நிரம்பியவர் விண்ணப்பிக்கலாம். கணவன் அல்லது மனைவியையும் திருமணமாகாத, 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் அதே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். சிங்கப்பூர்க் குடிமகனை அல்லது குடிமகளை மணந்தவர்களுக்குத் திருமணமாகியும் இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கவேண்டும்.

தகுதியைவிடக் கடினமானவை வேறு இரண்டு. முதலாவது, சிங்கப்பூர் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, இந்தியாவும் ஏற்பதில்லை. இந்தியக் குடியுரிமையை விட்டபின், பெற்றோரைப் பார்க்க ஊருக்குப் போவதென்றாலும் விசா வேண்டும், அல்லது வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை வேண்டும். அந்த அட்டை வைத்திருப்பவர் இந்தியாவில் வாக்களிக்க முடியாது. விவசாய நிலம் வாங்க முடியாது. ஊரில் நிலபுலன் உள்ளவர்கள் இதைப் பற்றி வழக்கறிஞரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்வது அவசியம்.

இரண்டாவது, மகன்களின் தேசிய சேவை, அதாவது சீருடை அணிந்து ஆற்றவேண்டிய கட்டாயச் சேவை. பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெற்ற மகன்கள் ஏற்கெனவே அந்தக் கடமைக்கு உட்பட்டவர்கள்தான். குடியுரிமை அதை மேலும் உறுதிப்படுத்துகிறது. பதினாறரை வயதில் பதிவு, அதன்பின் இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை, அதற்கும் பின் பல ஆண்டுகளுக்குப் போர்க்காலப் படைவீரராகப் பயிற்சி. 13 வயதைத் தாண்டிய மகன் மூன்று மாதமோ அதற்கும் மேலாகவோ வெளிநாட்டில் தங்குவதாக இருந்தால் வெளியேறும் அனுமதி பெறவேண்டும். பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று பையனை ஊருக்கு அனுப்பும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கு இது தெரியாமல் இருக்கக்கூடாது. உங்கள் மகனின் வயதுக்கும் நிலைக்கும் எது பொருந்தும் என்பதை தேசிய சேவையை நிர்வகிக்கும் மத்திய மனிதவளத் தளத்திடம் நேரடியாகக் கேளுங்கள். நண்பர்கள் சொல்வதை நம்பி முடிவெடுக்காதீர்கள். மகனையும் அந்தப் பேச்சில் உட்காரவையுங்கள், ஏனெனில் சீருடை அணியப்போவது அவன்தான்.

2. ஆவணங்கள்: உங்கள் பெயரிலிருந்து தொடங்குங்கள்

விண்ணப்பம் முழுவதும், அரசாங்க மின்சேவைகளில் நுழைவதற்கான சிங்பாஸ் கணக்கு வழியாகக் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையத்தளத்தில் நடக்கிறது. கடப்பிதழ், பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், கல்விச் சான்றிதழ்கள், நிறுவனத்தின் வேலைக் கடிதம், சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை வருடிப் பதிவேற்றவேண்டும். பட்டியலைப் பார்த்தால் எளிதாகத்தான் தோன்றும். தமிழ்க் குடும்பங்களுக்குச் சிக்கல் தருவது பட்டியலன்று, அதில் உள்ள ஒவ்வொரு தாளிலும் பெயர் வேறு வேறு விதமாக இருப்பது.

நம் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. பள்ளிச் சான்றிதழில் ‘க. இளமாறன்’ என்று இருக்கும். கடப்பிதழில் அந்த முதலெழுத்து விரிந்து ‘இளமாறன் கந்தசாமி’ என்று ஆகியிருக்கும். திருமணச் சான்றிதழில் ‘கந்தசாமி இளமாறன்’ என்று முன்பின்னாக மாறியிருக்கும். சண்முகம் என்ற பெயர் ஓர் ஆவணத்தில் எஸ் என்ற ஒற்றை எழுத்தோடும் மற்றொன்றில் எஸ்எச் என்ற ஈரெழுத்தோடும் தொடங்கும். மனைவியின் கடப்பிதழில் தந்தை பெயர் போய்க் கணவன் பெயர் வந்திருக்கும். எங்கள் குடும்பத்தின் தாள்களைச் சரிசெய்வதில்தான் எனக்கு அதிக நேரமும் அலைச்சலும் ஆயின.

எனவே முதல் வேலையாக ஒரு வெள்ளைத்தாளில் குடும்பத்தினர் ஒவ்வொருவரின் பெயரும் ஒவ்வோர் ஆவணத்திலும் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை எழுத்துக்கு எழுத்து எழுதி, அருகருகே வைத்துப் பாருங்கள். பிறந்த தேதியையும் அப்படியே ஒப்பிடுங்கள். பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டியோ குறைத்தோ போட்ட காலம் ஒன்று உண்டு. வேறுபாடு இருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கும் என்பதற்கான சட்டபூர்வ உறுதிமொழிப் பத்திரத்தைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி வரும்போது பதில் கையில் இருக்கும்.

பிறப்புச் சான்றிதழ் தனிக் கதை. தமிழ்நாட்டில் பிறந்து இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்கள் பலரின் பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரே இருக்காது. ஆண் குழந்தை, பெற்றோர் இன்னார் என்பதோடு நின்றிருக்கும். பெயரைச் சேர்த்துப் புதுச் சான்றிதழ் வாங்க நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ யாராவது நேரில் போகவேண்டியிருக்கும். பிறப்பே பதிவாகாதவர்கள், பதிவு இல்லை என்பதற்கான சான்றை அந்த அலுவலகத்திலிருந்தே வாங்கவேண்டும். இதை விண்ணப்பிக்கும் வாரத்தில் தொடங்கினால் முடியாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போதே செய்துவிடுங்கள். கோயிலில் நடந்த திருமணத்துக்குக் கோயில் ரசீது மட்டும் போதாது. தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கும் சட்டம் 2009இல் வந்தது. அதற்கு முன் மணந்தவர்கள் பலர் பதிவு செய்யாமலே இருக்கிறார்கள். பதிவுச் சான்றிதழ் இல்லையென்றால் அதையும் அதே பயணத்தில் முடியுங்கள்.

ஆங்கிலத்தில் இல்லாத ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். தமிழில் உள்ள பழைய பிறப்புச் சான்றிதழாகட்டும், சிங்களத்தில் உள்ள இலங்கைச் சான்றிதழாகட்டும், மலாயில் உள்ள மலேசியச் சான்றிதழாகட்டும், விதி ஒன்றுதான். அந்த மொழிபெயர்ப்பைத் தூதரகமோ நோட்டரியோ சான்றுறுதி செய்திருக்கவேண்டும். மொழி தெரிந்த நண்பர் எழுதிக் கொடுத்த தாளை அப்படியே பதிவேற்றுவது பயனற்றது. மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது, கடப்பிதழில் உள்ள எழுத்துக்கூட்டலையே பயன்படுத்தும்படி எழுத்து மூலமாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பெயருக்கு இன்னொரு வடிவம் பிறந்துவிடும்.

3. செலவு

நான் விண்ணப்பித்தபோது ஆளொருவருக்கு விண்ணப்பக் கட்டணம் 100 வெள்ளி. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் அது திரும்பாது. ஒப்புதலுக்குப் பின் குடியுரிமைச் சான்றிதழுக்கு 70 வெள்ளி, அடையாள அட்டைக்கு 10 வெள்ளி, சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு 70 வெள்ளி. கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் பணம் கட்டுமுன் ஆணையத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு, நோட்டரி, பழைய குடியுரிமையைத் துறப்பதற்கான தூதரகக் கட்டணம், ஊருக்குப் போய்வரும் செலவு ஆகியவை இவற்றுக்கு மேல் வரும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அரசாங்கக் கட்டணங்களைவிட இவைதான் அதிகமாகலாம்.

குடியுரிமை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பெருந்தொகை கேட்கும் முகவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஒப்புதலை உறுதியளிக்க எவராலும் முடியாது. படிவத்தை நிரப்ப உதவி தேவையென்றால் பிள்ளைகளிடமோ அலுவலக நண்பரிடமோ கேளுங்கள். குடியுரிமைப் பயணத்துக்குப் பயிற்சி வகுப்பு என்று பணம் கட்டுவதும் தேவையற்றது. கற்கவேண்டிய அனைத்தும் இலவசமாகக் கிடைக்கின்றன.

4. காத்திருக்கும் காலத்தில் படிக்கவேண்டியவை

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய முயலவேண்டாம். கீழே உள்ள வரிசையில் போனால் ஒன்று அடுத்ததை விளக்கும்.

அரசமைப்பிலிருந்து தொடங்குங்கள். சிங்கப்பூர் நாடாளுமன்ற முறையைப் பின்பற்றும் குடியரசு. சட்டம் இயற்றும் நாடாளுமன்றம், அதை நடைமுறைப்படுத்தும் அமைச்சரவை, தீர்ப்பு வழங்கும் நீதித்துறை என அதிகாரம் மூன்றாகப் பிரிந்திருக்கிறது. நாடாளுமன்றத்துக்கு ஓர் அவை மட்டுமே உண்டு. இந்தியாவின் மக்களவை, மாநிலங்களவை என்ற இரண்டும் பழகிப்போன நமக்கு இது முதலில் விடுபட்டுப்போகும். நீதித்துறையில் உச்ச நீதிமன்றம் என்பது மேல்முறையீட்டு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் சேர்ந்தது; இவற்றில் மேல்முறையீட்டு நீதிமன்றமே இறுதியானது. அரசு நீதிமன்றங்களும் குடும்ப நீதிமன்றங்களும் தனியே உள்ளன.

அடுத்து, அதிபரும் பிரதமரும். நம்மவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். ஆட்சியை நடத்துபவர் பிரதமர். 2024 மே மாதத்திலிருந்து திரு லாரன்ஸ் வோங் அந்தப் பொறுப்பில் இருக்கிறார், நாட்டின் நான்காம் பிரதமர். அதிபர் நாட்டின் தலைவர். இந்தியக் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. சிங்கப்பூர் அதிபரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1991இல் அரசமைப்பு அதற்காகத் திருத்தப்பட்டு, 1993இல் முதல் அதிபர் தேர்தல் நடந்தது. பதவிக்காலம் ஆறு ஆண்டு. முந்தைய அரசாங்கங்கள் சேர்த்துவைத்த நிதியிருப்பை இன்றைய அரசாங்கம் எடுக்க விரும்பினால் அதிபரின் இசைவு வேண்டும். முக்கிய அரசாங்கப் பதவிகளுக்கான நியமனங்களுக்கும் அப்படியே. இந்த இரண்டு காவல் பொறுப்புகளையும் சொந்தச் சொற்களில் விளக்க முடிந்தால் போதும். 2016இல் வந்த திருத்தத்தின்படி, ஓர் இனத்திலிருந்து தொடர்ந்து ஐந்து தவணைகளுக்கு அதிபர் எவரும் வராவிட்டால் அடுத்த தேர்தல் அந்த இனத்துக்கு ஒதுக்கப்படும். 2017இல் திருவாட்டி ஹலிமா யாக்கோப் அவ்வாறு பதவிக்கு வந்தார். 2023இல் நடந்த தேர்தல் எல்லா இனத்தாருக்கும் பொதுவானது. அதில் திரு தர்மன் சண்முகரத்னம் வென்றார். தமிழர் என்பதால் அவருக்கு இடம் ஒதுக்கப்பட்டது என்று சொல்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அது தவறு, தவறு என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நமக்குப் பெருமையும்கூட.

பிறகு நாடாளுமன்றம். 2025 மே 3ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தலில் 33 தொகுதிகளிலிருந்து 97 உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவற்றில் 15 தனித்தொகுதிகள், 18 குழுத்தொகுதிகள். தனித்தொகுதியில் ஒருவருக்கு வாக்களிக்கிறோம். குழுத்தொகுதியில் நான்கு அல்லது ஐந்து பேர் கொண்ட அணி முழுவதற்கும் ஒரே வாக்கு. 1988இல் தொடங்கிய குழுத்தொகுதி முறையில் ஒவ்வோர் அணியிலும் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இருக்கவேண்டும். சீனர் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் மலாய், இந்தியக் குரல்கள் நாடாளுமன்றத்தில் ஒலிக்காமல் போய்விடக்கூடாது என்பதே அதன் நோக்கம். இவர்களைத் தவிர, எதிர்க்கட்சியினர் எண்ணிக்கை குறைந்தால் அதை 12 வரை நிரப்பும் தொகுதியில்லா உறுப்பினர்களும், கட்சி சாராத நியமன உறுப்பினர்கள் ஒன்பது பேர் வரையிலும் உண்டு. நியமன உறுப்பினர்கள் வரவுசெலவுத் திட்டத்திலும் அரசமைப்புத் திருத்தத்திலும் வாக்களிக்க முடியாது.

இதையெல்லாம் படித்தபின் உங்கள் சொந்த அடுக்குமாடிப் புளோக்குக்கு வாருங்கள். நீங்கள் எந்தத் தொகுதியில் இருக்கிறீர்கள்? உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் யார்? மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சியை அவர் எந்தக் கிழமை, எந்தப் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடத்துகிறார்? மின்தூக்கி பழுதானால் அழைக்கவேண்டியது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தையா, நகர மன்றத்தையா? (நகர மன்றத்தை.) ஐந்து சமூக மேம்பாட்டு மன்றங்களில் உங்கள் வட்டாரம் எதன்கீழ் வருகிறது? செங்காங்கில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தும் இவற்றில் ஒன்றுக்கும் பதில் தெரியாதவர்கள் உண்டு. ஒரு மாலை செலவிட்டால் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடலாம்.

விழுமியங்களைப் படிக்கும்போது 1991இல் ஏற்கப்பட்ட ஐந்து பொது விழுமியங்களை அடிப்படையாகக் கொள்ளுங்கள்: சமூகங்களுக்கு முன் நாடும் தனிமனிதனுக்கு மேல் சமுதாயமும், சமுதாயத்தின் அடிப்படையாகக் குடும்பம், தனிமனிதருக்குச் சமூகத்தின் ஆதரவும் மதிப்பும், பூசலின்றி இணக்கத்தால் முடிவு, இன, சமய நல்லிணக்கம். இவற்றைச் சொற்களாக மட்டும் படித்தால் மறந்துபோகும். ஒவ்வொன்றுக்கும் நடைமுறையில் உள்ள ஒரு சட்டத்தையோ கொள்கையையோ இணைத்துக்கொள்ளுங்கள். நல்லிணக்கத்துக்கு, 1989 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் (வீவக) புளோக்குகளில் ஒவ்வோர் இனத்தாரும் எத்தனை விழுக்காடு வரை வாங்கலாம் என்று வரையறுக்கும் ஒருங்கிணைப்புக் கொள்கையும், 1990இல் இயற்றப்பட்ட சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டமும் நல்ல சான்றுகள். வீடு விற்கும்போது அந்த விகிதத்தால் வாங்குபவர் கிடைக்காமல் சிரமப்பட்ட இந்தியக் குடும்பங்கள் உண்டு. ஆயினும் புளோக்குகள் இன வாரியாகப் பிரிந்துபோகாமல் இருக்க அந்தக் கொள்கை தேவை என்றே நான் நினைக்கிறேன். உங்கள் கருத்து மாறுபடலாம். காரணத்தோடு பேசத் தெரிந்திருப்பதே வேண்டியது.

மொழி பற்றி ஒரு குறிப்பு. அரசமைப்பின் 153ஏ பிரிவு மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் அதிகாரத்துவ மொழிகளாக அறிவிக்கிறது. தேசிய மொழி மலாய். நாட்டுப்பண் மலாயில் மட்டுமே பாடப்படும். ஸுபிர் சைட் இயற்றிய அந்தப் பாடலின் சொற்களையும் பொருளையும் கற்று, வாய்விட்டுப் பாடிப் பழகுங்கள். குடியுரிமைச் சடங்கில் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பது அழகன்று. தேசிய உறுதிமொழியான பற்றுறுதியை 1966இல் எழுதியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த திரு எஸ் ராஜரத்னம். அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள். கொடியில் உள்ள ஐந்து விண்மீன்களும் ஜனநாயகம், அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம் ஆகியவற்றைக் குறிக்கின்றன. பிறை, வளரும் இளம் நாட்டைக் குறிக்கிறது. பிறையையும் விண்மீன்களையும் சமயச் சின்னமாக நினைப்பவர்கள் பலர்.

நாள்களில் மூன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு நாள், 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாள். ஜூலை 21 இன நல்லிணக்க நாள், 1964 இனக்கலவரத்தை நினைவில் நிறுத்துவது. ஆகஸ்ட் 9 தேசிய நாள். முழுமைத் தற்காப்பின் தூண்கள் ஆறு: ராணுவம், குடிமை, பொருளியல், சமூகம், உளவியல், 2019இல் சேர்ந்த மின்னிலக்கம். பலரிடம் உள்ள பழைய குறிப்புகளில் ஐந்துதான் இருக்கும். தண்ணீரைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள்: உள்ளூர் நீர்ப்பிடிப்பு, மலேசியாவின் ஜோகூர் நீர், மறுசுழற்சி செய்த புதுநீர், கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆகிய நான்கும், ஜோகூர் நீருக்கான 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061இல் முடிகிறது என்பதும் போதும்.

எங்கே படிப்பது? மின்பயணத்துக்கு முன்பே, மேக்ஸ்வெல் ரோட்டில் உள்ள சிங்கப்பூர் நகரக் காட்சிக்கூடத்துக்கும் தேசிய அரும்பொருளகத்துக்கும் பிள்ளைகளோடு போய்வாருங்கள். முன்னதற்கு அனுமதி இலவசம், பின்னதற்கு நிரந்தரவாசிகளுக்கும் இலவசம். நாடாளுமன்றம் கூடும் நாளில் பொதுமக்கள் மாடத்தில் அமர்ந்து ஒரு மணி நேரம் கேட்டால், பல பக்கங்களைப் படித்தும் விளங்காதது விளங்கும். ஆங்கிலத்தில் தடுமாறும் வாழ்க்கைத்துணைக்கு, நாடாளுமன்றச் செய்திகளைத் தமிழ் முரசில் படித்துவிட்டு அதே செய்தியை ஆங்கிலத்தில் படிக்கச் சொல்லுங்கள். கொள்கைகளின் பெயர்கள் இரு மொழியிலும் ஒருசேரப் பழகிவிடும்.

5. கடிதம் வந்ததும்

கொள்கையளவிலான ஒப்புதல் வந்த அன்றே இரண்டு மாதக் கெடுவின் கடைசி நாளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். மின்பயணத்தை முதல் வாரத்திலேயே முடித்துவிடுவது நல்லது. குடும்பத்தில் 16 முதல் 60 வயதுக்குட்பட்ட ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிக்கவேண்டும். கணவன் உட்கார்ந்து மனைவிக்காகவும் முடித்துக்கொடுப்பது சரியன்று, அதனால் அவருக்குப் பயனும் இல்லை. சுற்றுலாவுக்கும் பகிர்வு அமர்வுக்கும் கிடைக்கும் முதல் நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். வார இறுதி வசதியாக இருக்கும் என்று தள்ளிப்போட்டால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் மாற்று நாள் இல்லாமல் போகும். தீபாவளி, பொங்கல், ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை ஆகியவை இந்த இரண்டு மாதத்துக்குள் வந்தால் ஊர்ப் பயணத்தைத் தள்ளிவையுங்கள். பணிமுறை மாறி வேலை செய்பவர்கள் மேலாளரிடம் அன்றே கடிதத்தைக் காட்டி விடுப்புக்குச் சொல்லிவையுங்கள்.

6. பகிர்வு அமர்வில் பேசுவது

நம்மில் பலர் அஞ்சுவது இதற்குத்தான், அஞ்சத் தேவையே இல்லாததும் இதுதான். உங்களைக் கேள்வி கேட்டு மடக்குவதற்காக எவரும் அங்கே இருப்பதில்லை. சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் சீனாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பிலிப்பீன்ஸிலிருந்தும் வந்த, உங்களைப் போலவே தயங்கும் மனிதர்கள். ஏன் குடிமகனாக விரும்புகிறீர்கள், அக்கம்பக்கத்தாரோடு எப்படிப் பழகுகிறீர்கள், சமூகத்துக்கு என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்பன போன்ற விஷயங்களைச் சுற்றியே பேச்சு நடக்கும்.

சுத்தமான நாடு, பாதுகாப்பான நாடு என்று எல்லாரும் சொல்வதைச் சொன்னால் உரையாடல் அங்கேயே நின்றுவிடும். உங்கள் தளத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். நோன்புப் பெருநாளுக்கு எதிர்வீட்டு மலாய்க் குடும்பம் பலகாரம் கொடுத்து, தீபாவளிக்கு நீங்கள் முறுக்குக் கொடுத்த கதை இருந்தால் அதைச் சொல்லுங்கள். சமையல் வாசனையாலோ பூசை மணியோசையாலோ பக்கத்து வீட்டாரோடு மனத்தாங்கல் வந்து, பேசித் தீர்த்துக்கொண்டது இருந்தால் அது இன்னும் நல்லது. நல்லிணக்கம் என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் நான்கு சிறிய வாக்கியங்களை முன்பே தயாரித்து, இரவு உணவின்போது குடும்பத்தார் முன் சொல்லிப் பாருங்கள்.

இயலாததை வாக்களிக்காதீர்கள். வாரம்தோறும் தொண்டூழியம் செய்வேன் என்று சொல்லிவிட்டுப் பின் காணாமல் போவதைவிட, அக்கம்பக்கத்தாரின் அமைப்பான வசிப்போர் கட்டமைப்பு நடத்தும் ஒரு நிகழ்ச்சிக்குக் குடும்பத்தோடு வருவேன் என்று சொல்லி, வருவது மேல். அமர்வு முடிந்ததும் அங்கு வந்த அடித்தளத் தலைவர் ஒருவரின் தொடர்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

7. பழைய குடியுரிமையைத் துறப்பதும் கடப்பிதழ் இல்லாத இடைவெளியும்

குடியுரிமைப் பயணம் முடிந்ததும் ஆணையம் இறுதிச் சடங்குமுறைகளுக்கு அழைக்கும். பழைய குடியுரிமையைத் துறந்து, சிங்கப்பூருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுப்பீர்கள். துறப்பதற்கான நடைமுறை நாட்டுக்கு நாடு மாறுபடும். மலேசியர்களுக்கு ‘கே’ படிவம், இந்தியர்களுக்குத் தூதரகத்தில் கடப்பிதழை ஒப்படைத்துப் பெறும் சான்றிதழ். எந்தத் தாளை எப்போது கொடுக்கவேண்டும் என்பதை ஆணையத்தின் கடிதம் சொல்லும் வரிசையிலேயே செய்யுங்கள். ஆர்வத்தில் முந்திக்கொண்டு கடப்பிதழை ஒப்படைத்துவிடாதீர்கள்.

பழையது போய்ப் புதியது கைக்கு வராத சில வாரங்களில் எந்த நாட்டுக்கும் பயணம் செய்ய முடியாது. ஜோகூர் பாருவுக்குப் போய்வருவதும் முடியாது. ஊரில் வயதான பெற்றோர் இருந்தால், அவசரம் வந்தால் யார் போவது என்று உடன்பிறந்தவர்களோடு முன்பே பேசி வையுங்கள். தம்பதியர் இருவரும் ஒரே காலத்தில் கடப்பிதழின்றி இருக்கவேண்டிவரும். சிங்கப்பூர்க் குடிமகனான பின் இந்தியக் கடப்பிதழில் பயணம் செய்வது இந்தியச் சட்டப்படி குற்றம். அதன் காலாவதித் தேதி இன்னும் பல ஆண்டு தள்ளி இருந்தாலும் அப்படித்தான். பெற்றோரோடு குடியுரிமை பெறும் பிள்ளைகளுக்கும் ஒரு கெடு உண்டு: 21 வயதானதும், 22 ஆவதற்குள் அவர்களே உறுதிமொழி எடுக்கவேண்டும். இன்று ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தாலும், அந்தத் தேதியைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

8. இளஞ்சிவப்பு அட்டை கைக்கு வந்தபின்

நீல அட்டைக்குப் பதிலாக இளஞ்சிவப்பு அட்டை வந்ததும் முதலில் சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு விண்ணப்பியுங்கள். அது கிடைத்ததும் இந்திய விசா அல்லது வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு. வங்கிக்கும் முதலாளிக்கும் மாற்றத்தைத் தெரிவியுங்கள். குடிமகனும் நிரந்தரவாசியுமாகச் சேர்ந்து வீவக வீடு வாங்கிய தம்பதியில் நிரந்தரவாசி இப்போது குடியுரிமை பெற்றிருந்தால், 10,000 வெள்ளி குடிமக்கள் கூடுதல் மானியத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று கழகத்திடம் கேளுங்கள். குடியுரிமை பெற்ற ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். தெரியாமலே இழந்த குடும்பங்கள் உண்டு.

வாக்காளர் பட்டியல் திருத்தப்பட்டுப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, 21 வயதான ஒவ்வொருவரின் பெயரும் சரியான முகவரியோடு இருக்கிறதா என்று சிங்பாஸ் வழியாகத் தேர்தல் துறையின் தளத்தில் பாருங்கள். வாக்களிக்கத் தவறினால் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். தக்க காரணம் காட்டினால் கட்டணமின்றி மீண்டும் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் 50 வெள்ளி கட்டவேண்டும். வீடு மாறினால் 28 நாளுக்குள் அடையாள அட்டையின் முகவரியை மாற்றிவிடுங்கள், ஏனெனில் வாக்களிக்கும் தொகுதியை முடிவு செய்வது அந்த முகவரிதான்.